ஈரக் கொழுந்தின் கணக்கு

இலங்கையின் திம்புள்ளைப் பள்ளத்தாக்கில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு தேயிலை பறிக்க மலையேறிய பெண்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசின் முன் வரிசையாக நிற்கும்போது, அவர்கள் முதுகிலுள்ள கூடைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டேயிருக்கும். அந்த நீருக்காக இத்தனை கிலோ என்று கழிக்கப்படுவதும், கழிப்பதற்குக் கண்மதிப்பைத் தவிர வேறு பிரமாணம் இல்லாதிருந்ததும் என் தாயாரின் நித்திய அநுபவம். சொன்ன கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். ஆதலால் இரண்டு கிலோ அவருக்கு அற்ப விஷயமன்று.

ஈரத்தை அளக்கும் பிரமாணம் ஒன்று ஒளியில் இருக்கிறது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்துக் காட்டிய வர்ணங்களில் சிவப்புக்கு அப்பால், ஒன்றுமில்லாததுபோல் தோன்றிய இடத்தில் வைத்த வெப்பமானி ஏறக் கண்டார். அந்த அகச்சிவப்புக் கிரணங்களுள் 1450 நானோமீட்டரை ஒட்டியவற்றை நீர் மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். எனவே இலைமேல் அவ்வொளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதில் எவ்வளவு குறைந்ததென்று பார்த்தால் ஈரத்தின் அளவு வெளிப்பட்டுவிடும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கார்ல் நோரிஸ் தானியத்தின் ஈரத்தை இவ்வழியில் அளந்த நாளில் மேசையை அடைத்துக்கொண்டிருந்த உபகரணம், இன்று உள்ளங்கைக்குள் ஒடுங்கிவிட்டது. நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், அலைநீளத்துக்கு ஒன்றாகப் பதினாறு நுண்ணிய உணரிகள் ஒரே சில்லில் அமைந்து, பாலின் கொழுப்பை அளந்து, பிளாஸ்டிக்கின் வகையையும் இனங்கண்டன.

ஆயினும் கருவி தானாக எதையும் அறிவதில்லை. பறித்த கொழுந்தின் நிறையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் அதன் சொந்த நீரே இருக்க, மேலே ஒட்டிய மழைநீரையும் அதனோடு சேர்த்தே ஒளி காணும்; இரண்டையும் பிரித்துணர வேண்டுமானால், நனைந்த கொழுந்தையும் நனையாத கொழுந்தையும், வெயில்நாள் இலையையும் மழைநாள் இலையையும், அடுப்பில் உலர்த்தி நிறுத்து, நூற்றுக்கணக்கான மாதிரிகளால் அதற்குப் பாடஞ்சொல்லித்தர வேண்டும். 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் நமக்கு அருகே தலவாக்கலையில்தான் இருக்கிறது. அப்பாடத்தைத் தொடங்குவதற்கு அதைவிடத் தகுந்த இடத்தை நான் அறியேன்.

தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வாட்டலுக்கும் டிரையருக்கும் இக்கருவி பயன்படும் என்பதில் ஐயமில்லை. அங்கே அது தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். நான் வேண்டுவது மடுவத்துக்கு. தராசில் ஏற்றுமுன் கொழுந்தைப் பிடிபிடியாக எடுத்து உதறி, நீர் வடிந்ததா என்று கூடையைச் சாய்த்துப் பார்த்த என் தாயாரைப் போன்றவளும் வாசிக்கும்படி, அக்கருவியின் எண் கணக்கப்பிள்ளையின் பக்கம் மட்டுமல்ல, கூடை சுமந்து வந்தவளின் பக்கமும் தெரியட்டும்.