சூடு எங்கே போகிறது?

கல்லல், காரைக்குடிப் பக்கத்துப் பழைய செட்டிநாட்டு வீடுகளில் தேக்குத் தூணும் உண்டு, இரும்புச் சன்னல் கம்பியும் உண்டு. மார்கழி மாதக் காலையில் ஏழு வயதுக் குழந்தை ஒன்றை இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "கம்பிதான் ஜில்லுனு இருக்கு" என்று அடித்துச் சொல்லும். வீட்டில் உள்ள பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள்! ஆனால் இரவு முழுக்க ஒரே காற்றில் நின்ற தூணும் கம்பியும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. தெர்மாமீட்டர் பொய் சொல்லாது, கைதான் ஏமாற்றுகிறது.

வெப்பம் பற்றிய பாடம் இந்த ஏமாற்றத்தில்தான் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. "வெப்பம் பரவும் முறைகள் மூன்று: வெப்பக் கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக் கதிர்வீசல்" என்று கரும்பலகையில் எழுதுவதில் தொடங்குகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய் "கம்பளி சூடு கொடுக்கும், ஜன்னலைத் திறந்தால் குளிர் உள்ளே வரும்" என்கிறார்கள். அப்படியானால் அந்தப் பாடம் எதற்கு?

குழந்தைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். குளிர் என்ற ஒரு பொருள் கிடையாது. கம்பியிலிருந்து கைக்குக் குளிர் வரவில்லை, கையிலிருந்து கம்பிக்குச் சூடு போகிறது. இரும்பு அதை வேகமாக வாங்கி உள்ளே கடத்திவிடுகிறது, தேக்கு மெதுவாக வாங்குகிறது. கை உணர்வது அந்த வேகத்தைத்தான். அதே கம்பியைச் சித்திரை வெயிலில் தொட்டால் சுரீர் என்று சுடும். பக்கத்திலேயே வெயிலில் நிற்கும் மரம் அவ்வளவு சுடாது. காலையில் சூட்டைப் பிடுங்கிய அதே இரும்பு மதியத்தில் சூட்டைக் கொட்டுகிறது. இதைத் தொட்டு உணர்ந்த பிள்ளைக்கு 'கடத்தல்' என்ற சொல்லைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவசரமில்லை.

அடுத்து ஒரு பந்தயம் வையுங்கள். இரண்டு ஐஸ் கட்டிகள். ஒன்று தட்டில் சும்மா கிடக்கட்டும், மற்றொன்றைக் கம்பளியில் சுற்றி வையுங்கள். எது முதலில் கரையும்? கம்பளிக்குள் இருப்பதுதான் என்று வகுப்பில் பாதிப் பேராவது கை தூக்குவார்கள். கரைவதோ தட்டில் இருப்பது! கம்பளி சூடு கொடுப்பதில்லை, சூட்டின் போக்குவரத்தைத் தடுக்கிறது. அவ்வளவுதான். சென்னை மெரினா எதிரில் உள்ள விவேகானந்தர் இல்லத்தின் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி 1842-ல் அதைக் கட்டினார். அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் அறுத்த பனிக்கட்டி கப்பலில் மாதக்கணக்கில் வெப்பக் கடல்களைக் கடந்து அங்கே வந்து சேர்ந்தது. அதைக் காப்பாற்றியது வேறொன்றுமில்லை, மரத்தூள். இந்தக் கதையைக் கேட்ட பிள்ளை மறக்குமா?

வகுப்புகளில் ஒரு விளையாட்டு உண்டு. பெஞ்சில் உட்கார்ந்தபடியே புத்தகத்தைக் கைமாற்றினால் கடத்தல், எழுந்து கொண்டுபோய்க் கொடுத்தால் சலனம், தூக்கி எறிந்தால் கதிர்வீசல். அழகான விளையாட்டு, ஆனால் ஒரு வம்பும் இதில் இருக்கிறது. சூடு என்பது புத்தகம் போல ஒரு சாமான் என்று பிள்ளை நினைத்துவிடும். பெரிய விஞ்ஞானிகளே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ரம்ஃபோர்டு பீரங்கிக் குழாய் குடைவதைப் பார்த்து, தேய்க்கத் தேய்க்கச் சூடு வந்துகொண்டே இருக்கிறதே, சாமானாக இருந்தால் தீர்ந்துபோயிருக்க வேண்டாமா என்று கேட்டது 1798-ல்தான். விளையாட்டு முடிந்ததும் பிள்ளைகளை உள்ளங்கைகளைத் தேய்த்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் இந்த வம்பு பாதி தீரும்.

வெப்பச்சலனத்துக்குச் சோற்று உலையே போதும். அரிசி மேலே வருவதும் கீழே போவதும் கண்ணுக்குத் தெரிகிறது. (அடுப்பைப் பெரியவர்தான் பற்ற வைக்க வேண்டும், குழந்தை தள்ளி நிற்கட்டும்.) கோடையில் "வெப்பச்சலனம் காரணமாக மழை" என்று டிவியில் சொல்வதும் இதுதான்: தரை சூடாகி, காற்று மேலே எழுந்து, குளிர்ந்து மேகமாகிறது.

கதிர்வீசலுக்கு மட்டும் வீட்டையே காட்டலாம். செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவர் பகல் சூட்டை உள்ளே வரத் தாமதிக்கிறது, உயரமான கூரையும் நடு முற்றமும் சூடான காற்றை மேலே போகவிடுகின்றன. இன்றைக்குப் பெரும்பாலான பிள்ளைகள் தூங்குவது அந்த மாதிரி வீட்டில் இல்லை. ஒற்றைக் கான்கிரீட் தளத்துக்குக் கீழே. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி பதினோரு மணிக்கும் கீழே படுத்திருப்பவர் மேல் சூட்டை வீசிக்கொண்டிருக்கிறது. "சூரியன்தான் போயிடுச்சே, அப்புறம் ஏன் வேர்க்குது?" என்று குழந்தை கேட்டால், "பேசாமல் தூங்கு" என்று சொல்லிவிடாதீர்கள். எழுப்பி, ஸ்டூலில் ஏற்றி, கையை மேல்தளத்துக்கு அருகே கொண்டுபோகச் சொல்லுங்கள். தொடாமலே தெரியும்.