வீட்டுக்கு ஒரு வாகனம்



2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அன்று தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் புரட்டினால் பளபளக்கும் புதிய ஜீப்புகளின் படங்கள்தான். குடும்பத்தோடு போக உகந்தது, ஏழு பேர் இருக்கலாம், இலகு தவணை என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். விலை கோடிக்கணக்கில். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஜீப் என்றால் நிறுவனங்களின் வெள்ளை ஜீப்தான். கூட்டத்துக்கு வரும், கூட்டம் முடிய புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். ஆனாலும் அந்த விளம்பரங்களுக்குப் பின்னால் உள்ள கேள்வி எங்கள் வீடுகளுக்கும் உரியதுதான். கையில் இருப்பது இவ்வளவுதான், இதற்குள் குடும்பத்துக்கு எந்த வாகனத்தை எடுப்பது?

விசுவமடுப் பக்கத்தில் ஓர் அக்கா இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தார். கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். மகள் உயர்தரம் படிக்கிறாள், மகன் சாதாரண தரம். மாமிக்கு நீரிழிவும் முழங்கால் வருத்தமும், மாதம் ஒரு முறை கிளிநொச்சி வைத்தியசாலையில் கிளினிக். அக்கா மிளகாய்த் தூளும் அரிசி மாவும் அரைத்துப் பொதி செய்து கடைகளுக்குப் போடுகிறார். வீடு பெரிய வீதியிலிருந்து மூன்று கிலோமீற்றர் உள்ளே. சீட்டு எடுத்த காசும், பல வருடமாகச் சேர்த்ததுமாக ஆறு இலட்சம் ரூபா வைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

தம்பி சொல்லியிருக்கிறார், "அக்கா, ஓட்டோ எடுங்கோ. மிச்சத்துக்கு லீசிங் போடலாம். முழுக் குடும்பமும் ஏறலாம்." மகளுக்கு ஸ்கூட்டிதான் வேணுமாம். மாமி ஒன்றும் வேண்டாம் என்கிறார். "பொம்பிளை தனிய ஓடித் திரிஞ்சால் சனம் என்ன சொல்லும்?" பதினாறு வருடம் அந்த வீட்டைத் தனியே ஓட்டி வந்தவர் அந்த அக்கா. சனம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது என் கருத்து. அதை மாமியிடம் நான் சொல்லவில்லை.

எந்த வாகனம் என்று நான் சொல்லாமல், ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதச் சொன்னேன். யார் எங்கே போனார், என்ன ஏற்றிக்கொண்டு போனார், என்ன செலவு. இரண்டு கிழமையின் பின் அந்தக் கொப்பியைப் பார்த்தபோது காரியம் பாதி முடிந்துவிட்டது. கிழமையில் ஆறு நாள் கடைகளுக்குப் பொதி, ஒரு தடவைக்கு இருபது கிலோவுக்கு மேல் இல்லை. மூன்று நாள் மாலையில் மகளை ரியூசனிலிருந்து கூட்டி வருவது, அதுவும் இருட்டின பிறகு. மகன் சைக்கிளில் போகிறான், அவனுக்கு அதுவே போதும். நான்கு பேரும் ஒன்றாகப் போகவேண்டி வந்தது ஒரே ஒரு நாள், ஒரு கலியாண வீட்டுக்கு. மாமியின் கிளினிக் மாதம் ஒரு நாள். அதற்கு வாடகை ஓட்டோ, போக வர 3,500 ரூபா.

இனித் தம்பி சொன்ன லீசிங்கைப் பார்ப்போம். அவர்கள் பார்த்த பழைய ஓட்டோவுக்குப் பத்து இலட்சம் கேட்டார்கள். கையிலுள்ள ஆறைக் கொடுத்தால் மிச்சம் நான்கு இலட்சம். "வருடத்துக்கு 14 வீதம்தான் அக்கா, நாலு வருசத்திலை கட்டி முடிச்சிடலாம்" என்று நிறுவனத்து ஊழியர் சொல்லியிருக்கிறார். 14 வீதம் என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு இலட்சத்துக்கு வருடம் 56,000 ரூபா வட்டி, நான்கு வருடத்துக்கு 224,000. எல்லாமாகக் கட்டுவது 624,000. அதை 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 13,000 ரூபா.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் தவணை கட்டக் கட்ட நீங்கள் தரவேண்டிய முதல் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் வட்டியைக் கடைசி மாதம் வரை முழு நான்கு இலட்சத்துக்கும் போட்டிருக்கிறார்கள். குறைந்துவரும் மீதிக்கு மட்டும் வட்டி என்று வைத்து அதே 13,000 ரூபாவைக் கணக்கிட்டால், உண்மை வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 24 வீதம் வருகிறது. ஆகவே வட்டி எத்தனை வீதம் என்று கேட்பதோடு விடாமல், "குறைந்துவரும் மீதிக்கா, முழுத் தொகைக்கா?" என்றும் கேளுங்கள். அதைவிட இலேசான வழி, எல்லாமாக எவ்வளவு கட்டி முடிக்கவேண்டும் என்று எழுதித் தரச் சொல்வது. இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அந்த ஒரு தொகையே போதும்.

அந்த 13,000 ஓடும் ஓட்டத்தில் இன்னும் பல செலவுகள் வரும். லீசிங் வாகனத்துக்கு முழுக் காப்புறுதி போடத்தான் விடுவார்கள், மூன்றாந்தரப்புக் காப்புறுதி போதாது. வருடா வருடம் புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம், ரயர், பற்றரி, கராஜ். பழைய ஓட்டோ என்றால் கராஜ் செலவு உறுதி.

மாமியின் கிளினிக்குக்கு ஒரு வருடத்துக்குப் போகும் வாடகை 42,000 ரூபா. லீசிங் தவணை மட்டும் ஒரு வருடத்துக்கு 156,000. அக்கா இரண்டு தொகையையும் கொப்பியில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மிஸ், அப்ப மாமியை வாடகை ஓட்டோவிலையே ஏத்துவம்" என்றார். பாவித்த ஸ்கூட்டி ஒன்றை நான்கு இலட்சத்து அறுபதாயிரத்துக்குக் கைக்காசு கொடுத்து எடுத்தார். மிச்சத்தில் இரண்டு நல்ல ஹெல்மெட், காப்புறுதி, லைசன்ஸ் செலவு, ஒரு புது ரயர். எழுபதாயிரம் அளவில் வங்கியில் அப்படியே இருக்கிறது. அதைத் தொடவேண்டாம், வாகனத்துக்கு வருத்தம் வரும்போது தேவைப்படும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஓட்டோ எடுப்பது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. தருமபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி ஓட்டோதான் எடுத்தார், அதுவும் லீசிங்கில். காலையிலும் மத்தியானமும் அயலிலுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குகிறார். இடையில் சந்தைக்குப் போகும் பெண்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். பெண் ஓடுகிற ஓட்டோ என்றால் தாய்மார் தங்கள் பெண் பிள்ளைகளை நம்பி அனுப்புகிறார்கள். அவருடைய ஓட்டோ தன் தவணையைத் தானே உழைக்கிறது. பள்ளிக்கூட விடுமுறை மாதங்களில் வருமானம் விழும் என்று முதலே கணக்குப் பார்த்து, மூன்று தவணைக் காசை ஒதுக்கி வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வாகனம் உழைக்குமென்றால் கடன் எடுப்பதில் நியாயம் உண்டு. அது வீட்டு வாசலில் நிற்கப்போகிறதென்றால் கைக்காசுக்குள் நிற்பதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

வேறொரு குடும்பத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். மூன்று தவணை தவறியபோது நிறுவனத்து ஆட்கள் சந்தையடியில் வைத்தே வாகனத்தை எடுத்துப் போனார்கள். அந்தத் தாயோடு மகளும் நின்றாள். வாகனம் போனதோடு கடன் தீரவுமில்லை. ஏலத்தில் விற்ற காசு போதாதென்று மிச்சத்தைப் பிணை நின்ற இரண்டு பெண்களிடம் கேட்டார்கள். ஒருவர் பக்கத்து வீடு, மற்றவர் அதே மாதர் சங்கத்துப் பொருளாளர். இன்றுவரை மூன்று பேரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்றதை நினைத்துக்கொண்டு, "இதையும் ஒரு நாள் வெட்டிவிடுவினம்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த நிவாரணம் நுண்கடனுக்கானது. வாகன லீசிங் அதில் அடங்கவில்லை. அதை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள், பிணையும் நிற்காதீர்கள்.

லீசிங் முடியும் வரை வாகனத்தின் முழு உரிமையாளர் நிறுவனம்தான். பதிவுப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். நீங்கள் பதிவுசெய்த உரிமையாளர். எத்தனை தவணை தவறினால் என்ன செய்வார்கள், தாமதக் கட்டணம் எவ்வளவு, முந்திக் கட்டி முடித்தால் என்ன கழிவு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். பல பெண்கள் ஆங்கிலத்தில் உள்ள பத்திரத்தில் பென்சிலால் குறிகாட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தமிழில் தரும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நிறுவனத்தோடு பேசியும் தீராத முறைப்பாடு என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

பாவித்த வாகனம் வாங்கும்போது மினுக்கத்தைப் பார்ப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். அதிலுள்ள என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் வாகனத்தில் அடித்திருக்கும் இலக்கங்களும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து விடுவித்த கடிதம் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் புத்தகத்துப் பெயரும் வேறாக இருந்தால், "திறந்த பத்திரம் இருக்கு, பிரச்சினை இல்லை" என்பார்கள். பிரச்சினை இருக்கிறது. முன்னைய உரிமையாளர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தோடு வாகனம் நாலு கை மாறி வந்திருக்கும். நாளைக்கு விபத்தென்றால், திருட்டு வழக்கென்றால், உங்களுடையது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இராது. 2009 இன் பின் தன் மோட்டார் சைக்கிளைக் கண்ணால் கண்டும், பத்திரம் கையில் இல்லாததால் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் நின்றவர்களை எங்களில் பலருக்குத் தெரியும். வாங்கியவுடன் பெயர் மாற்றுங்கள். உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், தம்பியின் பெயருக்கோ மருமகனின் பெயருக்கோ அல்ல. விற்றவரும் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும், அந்தப் படிவத்திலும் அவருடைய கையெழுத்தை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. அந்த விசுவமடு அக்காவிடம் ஏற்கெனவே ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. 2006 இல் பாதை பூட்டப்படுவதற்கு முன் கணவர் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் விட்டு வந்தது. புத்தகம் கணவரின் பெயரில். அதை விற்றுக் காசைச் சேர்க்கலாமே என்று பலரும் சொன்னார்களாம். விற்பதற்குப் பெயர் மாற்றவேண்டும், மரணச் சான்றிதழ் எடுங்கள் என்றார்களாம். அவர் எடுக்கமாட்டார். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மரணம் என்று பதியாமல், காணாமல் போனமைக்கான சான்றிதழைப் பெற வழி இருக்கிறது. காணாமல் போனவரின் உடைமைகளைக் குடும்பம் பராமரிக்க அது உதவும். விற்பது வேறு விடயம், அதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் கேளுங்கள் என்று அவருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "அது அப்பிடியே நிக்கட்டும் மிஸ்" என்றார். வரவுசெலவுக் கணக்கில் அந்த மோட்டார் சைக்கிளை நாங்கள் சேர்க்கவில்லை.

லைசன்ஸ் விடயத்தில் ஒரு சிறு கவனம். நாங்கள் எல்லாவற்றையும் ஸ்கூட்டி என்கிறோம். ஆனால் 100 சீசீக்கு உட்பட்டதற்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேற்பட்டதற்கு ஏ வகுப்பு. ஸ்கூட்டி பெப் 100 சீசீக்குக் குறைந்தது, டியோ அதற்கு மேல். ஓட்டோவுக்கு பி1. முதலே ஏ வகுப்புக்கு விண்ணப்பித்தால் பிறகு வேறு வண்டி எடுத்தாலும் கவலையில்லை. ஸ்கூட்டியில் பின்னால் ஒருவர்தான் போகலாம், இருவருக்கும் ஹெல்மெட் வேண்டும். முன்னுக்கு ஒரு பிள்ளை, பின்னுக்கு இரண்டு பிள்ளை என்று போகும் தாய்மாரைத் தினமும் காண்கிறேன். வேறு வழியில்லை என்பது விளங்குகிறது. ஏ9 வீதியில் லொறிக்காரனுக்கு அது விளங்காது.

இடது கால் இழந்த ஒரு சகோதரி, தான் ஸ்கூட்டி ஓடலாமா என்று கேட்டிருந்தார். ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில்தான், கியர் மாற்றக் கால் வேண்டியதில்லை. நிறுத்தும்போது ஊன்றுவதுதான் கஷ்டம், அதற்குப் பக்கச் சில்லுப் பூட்டிக் கொடுக்கும் கராஜுகள் இருக்கின்றன. ஓட்டோவில் கிளச்சும் கியரும் இடது கையில், பிரேக் வலது காலில். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் வைத்தியர்தான் பரிசோதித்துச் சொல்லவேண்டும். ஆகவே முதலில் மருத்துவச் சான்றிதழ், பிறகு வாகனம். பரிசோதனைக்குப் போகும்போது செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டே போங்கள். வண்டியில் மாற்றம் செய்யப்போகிறீர்கள் என்றால், கராஜுக்குக் கொடுக்க முன் மாவட்டச் செயலகத்திலுள்ள மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.