அந்தத் தேனடைப் படம் புகைப்படம் அல்ல

மாணவர்களே, ஐந்து அறுகோணங்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை நீங்கள் இணையத்தில் பார்த்திருக்கலாம். 'மூலக்கூற்றின் புகைப்படம்' என்று பலரும் அதைப் பகிர்கிறார்கள். அது புகைப்படம் அல்ல. அப்படி நம்புவோர் அதன் பின்னுள்ள அறிவியலைத் தவறவிடுகிறார்கள் என்பதே என் கருத்து.

படத்தில் இருப்பது பென்டசீன் என்ற கரிம மூலக்கூறு. அதில் 22 கார்பன் அணுக்களும் 14 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அதன் நீளம் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. ஆகவே சாதாரணக் கேமராவுக்கு இது அகப்படாது.

2009-இல் சுவிட்சர்லாந்திலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் லியோ குரோஸ் குழுவினர் அணுவிசை நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார்கள். அதிரும் ஊசியின் நுனியில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு இருந்தது. ஏறத்தாழ -268 பாகை செல்சியஸ் குளிரில், அந்த ஊசி பென்டசீனுக்கு மிக அருகே நகர்ந்தது. இடத்துக்கு இடம் விசை மாறியபோது அதிர்வெண்ணும் சற்று மாறியது. அந்த மாற்றங்களின் வரைபடமே நாம் பார்ப்பது.

மூலக்கூற்றை எதன்மேல் வைப்பது? உலோகத்தின்மேல் வைத்தால், உலோகத்தின் எலக்ட்ரான்கள் அதன் இயல்பை மாற்றிவிடலாம். எனவே செம்பின்மேல் இரண்டு அடுக்கு உப்பைப் பரப்பியும் ஆய்வு செய்தார்கள். ஆம், சமையல் உப்பான சோடியம் குளோரைடுதான்! உப்பு மின்கடத்தாப் பொருள். 1981-இல் உருவான ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கி மின்னோட்டத்தை நம்பியது. தடித்த மின்கடத்தாப் பொருளின்மேல் அது இயங்காது. விசையை அளக்கும் கருவிக்கு அந்தத் தடை இல்லை.

பென்சீன் வளையத்தை கெக்குலே 1865-இலேயே முன்மொழிந்தார். அவர் அதைக் கண்டதில்லை. வேதிவினைகளில் கிடைத்த பொருள்களை ஆராய்ந்து உய்த்துணர்ந்தார். மாறாக, படம் நம்மை ஏமாற்றவும் கூடும். நுனியிலுள்ள மூலக்கூறு பக்கவாட்டில் சாய்வதால், பிணைப்பே இல்லாத இடத்திலும் கோடு தோன்றலாம் என்று பிந்திய ஆய்வுகள் காட்டின.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியோர். அடுத்த முறை பாடநூலில் ஓர் அறிவியல் படத்தைப் பார்த்தால், அதன் பெயரை மனப்பாடம் செய்வதற்கு முன் ஆசிரியரிடம் கேளுங்கள்: "இதை எதை அளந்து வரைந்தார்கள்?" தேர்வில் அந்தக் கேள்வி வராமல் போகலாம். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.