அனுமதிச் சீட்டு எளிமையாக இருக்க வேண்டாமா?



நாம் யோசிக்காமல் அழுத்தும் ஒரு பட்டனைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன். புதிதாக ஒரு ஆப்புக்குள் போனால் "கூகுள் மூலம் நுழையவும்" என்று வரும். அடுத்து, "உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பார்க்க அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்கும். நாமும் 'சரி' என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். இதற்குப் பின்னால் ஒரு விதி வேலை செய்கிறது. அதன் பெயர் ஓ-ஆத்.

அது என்ன என்று நம்ம ஊர் முந்திரித்தோப்பை வைத்தே சொல்லலாம். கொட்டை பொறுக்க ஒரு ஆள் வருகிறார். அவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுப்போமா? மாட்டோம். "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் தோப்புக்குள்ள போகலாம், வீட்டுக்குள்ள போகக் கூடாது" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் சீட்டை ரத்து செய்துவிடலாம். சாவி நம்மிடமே இருக்கும். இங்கே சாவி என்பது பாஸ்வேர்டு. சீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் டோக்கன். பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடை டோக்கன் வாங்கிய நமக்கு இது புது வார்த்தை இல்லை.

முன்பெல்லாம் சில இணையதளங்கள், "உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் கொடுங்கள், நண்பர்களைத் தேடித் தருகிறோம்" என்று கேட்டன. ஜனங்களும் கொடுத்தார்கள்! இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2007-ல் முதல் ஓ-ஆத் விதி எழுதப்பட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படித்துப் பயன்படுத்தலாம். அதனால்தான் அதைத் திறந்த விதி என்கிறார்கள். நோக்கம் மிக நல்லது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். 2012 அக்டோபரில் ஓ-ஆத் 2.0 வெளிவந்தது. முக்கிய ஆவணம் மட்டும் 76 பக்கம். அது வெளிவருவதற்கு முன்பே, ஜூலை மாதத்தில், அதை எழுதிய முதன்மை ஆசிரியரான ஈரான் ஹாமர் விலகிவிட்டார். தன் பெயரையும் எடுத்துவிடச் சொன்னார். பழைய விதியைவிடப் புதியது சிக்கலாகவும் பாதுகாப்புக் குறைவாகவும் இருக்கிறது என்பது அவர் வாதம். சமைத்தவரே சாப்பிட மாட்டேன் என்று எழுந்து போன மாதிரி!

அதோடு நிற்கவில்லை. என்னென்ன ஆபத்து வரலாம் என்று விளக்க 2013-ல் 71 பக்கத்தில் இன்னொரு ஆவணம். செல்போன் ஆப்களில் சீட்டு திருட்டுப் போகாமல் இருக்க 2015-ல் ஒன்று. டி.வி. போன்ற கருவிகளுக்காக 2019-ல் ஒன்று. கடைசியில் 2025 ஜனவரியில், பழைய விதியில் இருந்த சில வழிகளை இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று ஓர் ஆவணம் வந்தது. அதில் ஒரு வழி என்ன தெரியுமா? பாஸ்வேர்டையே ஆப்பிடம் கொடுத்து டோக்கன் வாங்கும் வழி! பாஸ்வேர்டைக் கொடுக்காதே என்பதற்காகப் பிறந்த விதிக்குள்ளேயே அது 12 வருஷம் குடியிருந்திருக்கிறது.

இது அமெரிக்காக்காரர் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் மார்க் ஷீட் முதல் ஓட்டுநர் உரிமம் வரை இருக்கிறது. அங்கிருந்து நம் சான்றிதழை வேறொரு தளம் கேட்டு வாங்கும்போது நடப்பதும் ஓ-ஆத் 2.0 வழியில்தான். அதே டிஜிலாக்கரின் நுழைவு முறையில் 2020-ல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவர் விவரத்தில் ஓ.டி.பி.யைச் சரிபார்த்துவிட்டு, இன்னொருவர் கணக்குக்குள் நுழைய முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பிறகு சரி செய்துவிட்டார்கள். அது ஓ-ஆத் விதியின் குற்றம் இல்லை. ஆனால் வாசல்கள் அதிகமானால், ஏதாவது ஒரு வாசலில் "நீ யாருப்பா?" என்று கேட்க மறந்துவிடுவார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

"பாதுகாப்பு வேண்டும் என்றால் சிக்கல் இருக்கத்தானே செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருடன் புதுப்புது வழியில் வருகிறான், கருவிகளும் பலவிதம். எனவே விதி வளரத்தான் செய்யும். ஆனால் புதிதாகச் சேர்க்கிறவர்கள் பழசைக் கழிக்கவும் வேண்டும் அல்லவா? தமிழ் வகுப்பில் நன்னூல் படிக்கிறோம். ஒரு நூலுக்கு வேண்டிய பத்து அழகில் முதலாவது சுருக்கம், அடுத்தது தெளிவு என்கிறார் பவணந்தி முனிவர். கம்ப்யூட்டர் விதி நூலுக்கும் இது பொருந்தும் என்பதே என் கருத்து. பெரிய கம்பெனிகள் இதைப் படிக்கவே தனி ஆட்கள் வைத்துக்கொள்ளும். வானூரிலோ திண்டிவனத்திலோ ஒரு அக்கா தனியாக உட்கார்ந்து ஒரு ஆப் எழுதினால், இத்தனை ஆவணத்தையும் எப்போது படித்து முடிப்பார்? கதவு திறந்திருக்கிறது, படிதான் ஏற முடியாத உயரத்தில் இருக்கிறது. அப்புறம் அது என்ன திறந்த விதி? சிதறிக் கிடப்பதை எல்லாம் ஒன்றாக்கி ஓ-ஆத் 2.1 எழுதும் முயற்சி 2020-ல் தொடங்கியது. அது நல்லபடியாக முடிய வேண்டும்.

சிக்கலுக்கு விலை கொடுப்பது கடைசியில் நாம்தான். ப்ளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைக்குப் போகிறோம். பாஸ்வேர்டை அங்கே நோட்டில் எழுதி வைக்கிறோம். ஓ.டி.பி. வந்ததும் நாலு பேர் கேட்கச் சத்தமாகச் சொல்கிறோம். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் உதவிதான் செய்கிறார். ஆனால் 2007-க்கு முன்னால் எந்தத் தப்பை நிறுத்த நினைத்தார்களோ, அதையே இன்றும் நாம் செய்கிறோம். சீட்டு கொடுக்கும் வழி புரியாவிட்டால் ஜனங்கள் சாவியைத்தான் நீட்டுவார்கள்.

நாம் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, 'அனுமதி' தட்டும் முன் எதைக் கேட்கிறார்கள் என்று படிப்பது. கால்குலேட்டர் ஆப்புக்கு நம் மின்னஞ்சல் எதற்கு? இரண்டு, கூகுள் கணக்கின் அமைப்புகளில் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கிறது. வேண்டாததை நீக்கிவிடலாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு லேப் பீரியடில் இந்தப் பட்டியலை எல்லோரையும் திறந்து பார்க்க வையுங்கள். நாளை நம்மில் யாராவது இப்படி ஒரு விதியை எழுதும் இடத்துக்குப் போகலாம். அப்படிப் போகிறவர், நம்ம ஊர் ஆயாவுக்கும் புரிகிற மாதிரி எழுதட்டும்.

சிந்திப்போம்!

– ஒரு ப்ளஸ் டூ மாணவி