வெங்காயப் பட்டறையும் யோசேப்பின் களஞ்சியமும்

பெரம்பலூர்ச் சீமையில் சின்ன வெங்காயம் பயிரிடும் குடும்பங்களுக்கு அறுவடை முடிந்த பின்னும் உறக்கம் வருவதில்லை. எடுத்த வெங்காயத்தை அன்றைய விலைக்கே தள்ளிவிடுவதா, பட்டறையில் ஏற்றிவைத்து விலை உயரும்வரை காத்திருப்பதா என்னும் கேள்வி வீட்டுக்குள் வந்து சம்மணமிட்டு அமர்ந்துகொள்ளும். விற்ற மறுவாரம் விலை ஏறினால் நெஞ்சு எரியும். வைத்த பிறகு விலை இறங்கினால் கடன்காரர் வாசலில் நிற்பார்.

சில ஆண்டுகளுக்கு முன், நமக்கு நெருங்கிப் பழக்கமான ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற்கு இக்கேள்வி வந்தது. பாதியை விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியை வைத்துப் பார்க்கலாம் என்றார் மனைவி. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் முழுவதையும் விற்கச் சொன்னார்கள். குடும்பத் தலைவருக்கோ மனம் எதிலும் நிலைகொள்ளவில்லை. அன்றிரவு பிள்ளைகள் உறங்கியபின் முழந்தாளிட்டுச் செபித்து, கண்களை மூடிக்கொண்டு, திருவிவிலியத்தைத் திறந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். விரல் பட்ட இடம் தொடக்கநூலின் 41-ஆம் அதிகாரம். எகிப்து நாட்டில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளின் தானியத்தைக் களஞ்சியங்களில் சேர்த்துவைத்த வரலாறு அங்கேதான் இருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஆண்டவர் எப்படிப் பேசுவார்? மறுநாளே மூட்டை ஒன்றுகூட விற்காமல் அனைத்தும் பட்டறைக்குப் போயின.

அவ்வாண்டுக் கோடை மழை முன்னதாக வந்தது. பட்டறையின் அடியில் ஈரம் ஏறி அழுகல் கண்டது. எஞ்சியதைப் பிரித்தெடுத்து விற்கச் சென்றபோது விலையும் கைகொடுக்கவில்லை. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அதன்பின் அவர் ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நாம் வீட்டிற்குச் சென்றபோது கோபமாகக்கூடப் பேசவில்லை.

“கேட்டுத்தானே ஐயா செய்தேன்? தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வை என்று சொல்லிவிட்டு அழுகவிட்டாரே” என்றார்.

நமக்கு அன்று வாய் திறக்க இயலவில்லை. பொறுமையாய் இருங்கள், எல்லாம் நன்மைக்கே என்று நாம் வழக்கமாகச் சொல்லும் சொற்கள் அந்த வீட்டுத் திண்ணையில் எடுபடா என்பது மட்டும் விளங்கிற்று. யோசேப்பு சேர்த்தது உலர்ந்த தானியம், நீங்கள் சேர்த்தது சின்ன வெங்காயம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டோம்.

இதைப் படித்து அவரைப் பார்த்து நகைப்பவர் நம்மிடையே இருந்தால், தம் விவிலியத்தின் நடுவே செருகியிருக்கும் அட்டைகளை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். புத்தாண்டு நள்ளிரவில் தட்டிலிருந்து நாம் எடுக்கும் வாக்குறுதிச் சீட்டு நல்ல வசனமாய் இருந்தால் மகிழ்கிறோம். கண்டிப்பான வசனமாய் வந்தால் மடித்து வைத்துவிட்டு இன்னொன்று எடுக்கலாமா என்று பார்க்கிறோம். பெண்ணுக்கு வந்த வரன், மகனின் வெளிநாட்டுப் பயணம், நிலத்தின் கிரயம் எதுவாயினும் நூலைத் திறந்து விரலை வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தேர்த்திருவிழாக் கடைத்தெருவில் கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்று எவரேனும் கேட்டால் நாம் திகைக்கத்தான் வேண்டும்.

இப்பழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று. புனித அகுஸ்தினார் தம் காலத்திலேயே இதைக் கண்டார். சனுவாரியுசு என்பவருக்கு எழுதிய மடலொன்றில், நற்செய்தி ஏடுகளைத் திறந்து சீட்டுப்போல் குறி பார்ப்பவரைப் பற்றிக் குறிப்பிடுகிறார். பேய்களிடம் குறி கேட்க ஓடுவதைவிட இது மேல் என்று ஒப்புக்கொள்ளும் அவர், இவ்வுலகின் கொடுக்கல் வாங்கலுக்கு இறைவாக்கைக் கருவியாக்குவது தமக்கு உவப்பில்லை என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். பின்னர் 506-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஆக்து நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் இப்பழக்கத்தைத் தடைசெய்தது.

அகுஸ்தினாரே அப்படிச் செய்தவர்தாமே என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 386-ஆம் ஆண்டில் மிலான் நகரத்துத் தோட்டத்தில், எடுத்து வாசிக்கச் சொல்லும் குழந்தையின் குரலைக் கேட்டு, பவுலடியாரின் மடலைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட பகுதியை வாசித்து மனம் திரும்பியவர் அவர். ஆனால் அவர் மிலானுக்கு வந்தது 384-ல். அன்றுமுதல் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளைக் கேட்டு வந்தார்; பவுலின் மடல்களைத் தாமே ஊன்றிப் படித்தும் வந்தார். அத்தோட்டத்தில் அவர் கேட்டது எந்தச் சரக்கை எப்போது விற்கலாம் என்பதுமன்று. தாம் விட்டுவிட வேண்டிய வாழ்வு எது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. விடுவதற்குத்தான் மனம் வரவில்லை. அந்த நொடியில் வாசித்த வரிகள் நெடுநாள் உழுது கிடந்த மண்ணில் விழுந்தன.

இவற்றையெல்லாம் அந்த நண்பரிடம் சொல்லும் வாய்ப்பு ஒரு சனிக்கிழமை வந்தது. அவருடைய மனைவி ஏலாக்குறிச்சிக்குப் போய்வர வேண்டும் என்றார். கணவரோ, வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன், கோயிலுக்குள் வரமாட்டேன் என்ற உடன்பாட்டோடு கிளம்பினார். நாமும் உடன் சென்றோம். அரியலூரைத் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதியில் பேச்சுக்கே வழியில்லை. திருமானூர்ப் பக்கம் திரும்பிப் பச்சை வயல்களைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

ஏலாக்குறிச்சி நமக்குப் புதிய இடமன்று. கொள்ளிடக் கரைக்கு அருகே, அடைக்கல அன்னையின் திருத்தலமாய் விளங்கும் அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடியவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்த அந்த இயேசு சபைத் துறவி, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே தங்கி மறைப்பணி ஆற்றினார். அக்காலத்து நம் முன்னோரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது 1714, 1715-ஆம் ஆண்டுகளில்தான். நம் கத்தோலிக்கச் சிற்றூர்களின் வீடுகளில் திறந்து விரல் வைப்பதற்கு ஒரு நூலே இருந்ததில்லை. குருவானவரும் எப்போதோ ஒருமுறைதான் வருவார். இடைப்பட்ட நாள்களில் இறைவார்த்தை உபதேசியார் வாய்வழியாகத்தான் வந்தது. தவக்காலங்களில் வியாகுலப் பிரசங்கத்தின் நீண்ட இராகத்தில் வந்தது. கூத்திலும் அம்மானையிலும் வந்தது. கேட்டதையே மீண்டும் கேட்டார்கள். வயல் வேலையின் நடுவே அதை மனத்தில் அசைபோட்டார்கள்.

அந்த உபதேசியார்களுக்காகத்தான் வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை எழுதினார். பிறருக்கு வழிகாட்டுவோர் முதலில் தாம் எப்படி வாழ வேண்டும் என்று கூறும் நூல் அது. அவருடைய ‘தேம்பாவணி’யைப் பற்றிப் பேசும் நாம் இந்நூலை ஏனோ மறந்துவிடுகிறோம்.

கோயிலுக்கு வெளியே மரநிழலில் நண்பரோடு அமர்ந்திருந்தபோது நாம் எடுத்த பேச்சு தேம்பாவணியைப் பற்றியது. மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் தலைவர் யார்? அரசரல்லர், போர்வீரரல்லர். நாசரேத்தூரில் தச்சுவேலை செய்த புனித சூசையப்பர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரின் பொருளைத் தழுவி முனிவர் அவரை வளன் என்று அழைக்கிறார்.

“நீங்கள் விரல் வைத்தது ஒரு யோசேப்பின் மேல். அதே பெயருடைய இன்னொருவரும் இருக்கிறார். அவருக்கும் கனவிலேதான் வழி காட்டப்பட்டது” என்றோம். நண்பர் முகத்தைத் திருப்பவில்லை. அதுவே போதும் என்று தொடர்ந்தோம்.

மத்தேயு நற்செய்தியில் சூசையப்பருக்கு நான்கு கனவுகள் வருகின்றன. மரியாவை ஏற்றுக்கொள்ளுமாறு முதற் கனவு சொல்கிறது. பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுமாறு இரண்டாவது சொல்கிறது. அங்கே எத்தனை ஆண்டு தங்குவது, எதைக்கொண்டு பிழைப்பது என்று எதுவும் சொல்லப்படவில்லை. மறுபடி சொல்லும்வரை அங்கேயே இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஏரோது இறந்தபின் திரும்பிப் போகுமாறு மூன்றாவது கனவு வருகிறது. நான்காவதுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. திரும்பி வரும் வழியில், ஏரோதின் இடத்தில் அவன் மகன் அர்க்கெலா ஆளுகிறான் என்ற செய்தி சூசையப்பர் காதில் விழுகிறது. அவர் அஞ்சுகிறார். ஆண்டவர்தாமே போகச் சொன்னார், பிறகென்ன என்று கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை. நாட்டு நடப்பைக் கேட்டார், எண்ணிப் பார்த்தார், தயங்கினார். அதன்பிறகே கனவில் எச்சரிக்கை வருகிறது. கலிலேயாவுக்குப் போய் நாசரேத்தில் குடியேறுகிறார். அவருடைய அச்சத்தையும் அறிவையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஆண்டவர் அவரை நடத்தவில்லை.

நண்பர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அப்படியானால் அன்று என் பெண்சாதி சொன்னதுதான் வழியோ?” என்றார்.

நாம் ஆம் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல நாம் யார்? ஆனால் அவரே கேட்டுக்கொண்ட அக்கேள்வியை இன்றளவும் மறக்க முடியவில்லை. விரல் வைத்த வசனத்தைக் கேட்டவர், அடுப்படியிலிருந்து வந்த சொல்லைக் கேட்கவில்லை. அன்றிரவு அவர் மனத்திலிருந்தது அமைதியன்று, பதற்றம். வீரமாமுனிவர் சார்ந்திருந்த சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், தம் ஆன்மீகப் பயிற்சிகளில் இதற்கென ஒரு விதியே வகுத்திருக்கிறார்: உள்ளம் இருண்டு ஆறுதலற்றிருக்கும் வேளையில் புதிய மாற்றம் எதையும் செய்யலாகாது, தெளிவாயிருந்தபோது எடுத்த முடிவிலேயே நிலைத்திருக்க வேண்டும். போர்க்களத்தில் காயம்பட்டுப் படுக்கையில் கிடந்து தம் மனத்தின் ஏற்ற இறக்கங்களைக் கணக்கெடுத்த படைவீரர் சொன்னது அது. அந்த அறுவடைக் காலத் தொடக்கத்தில், கடனடைக்கும் அளவிற்கு விற்றுவிடுவது என்று கணவனும் மனைவியும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்களாம். இதையும் அம்மரநிழலில்தான் அவர் சொன்னார்.

அவர் அன்று கோயிலுக்குள் சென்றாரா என்று கேட்பீர்கள். செல்லவில்லை. மனைவி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தபின் வண்டியை எடுத்தார். வழியில் ஒரு கடையில் நிறுத்திப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொண்டார்.

திருச்சபை நமக்கு நாள்தோறும் ஒரு பகுதியைத் தந்திருக்கிறது. 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று வெளியான இறைவெளிப்பாடு பற்றிய சங்க ஏடு, விசுவாசிகள் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும், வாசிப்போடு செபமும் இணைந்திருக்க வேண்டும் என்று வலியுறுத்திற்று. அதன் வழியில் 1969-ல் புதிய வாசக ஒழுங்கு வகுக்கப்பட்டது: ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுற்று, வாரநாள்களின் முதல் வாசகத்திற்கு ஈராண்டுச் சுற்று. நம் விருப்பத்தையோ அன்றைய நம் கலக்கத்தையோ கேட்டு அமைத்ததன்று அது. அறுவடை நாளில் புலம்பல் வரலாம். துக்க வீட்டில் கானாவூர்த் திருமணம் வரலாம். பொருத்தமில்லாத நாளிலும் அதையே வாசிப்பது முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். ஆயினும் நமக்கு வேண்டியதை நூலினுள் தேடிச் செல்லாமல், நூல் சொல்வதைக் கேட்கும் பழக்கம் அப்படித்தான் வருகிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995 முதல் நம் கையில் இருக்கிறது. முன்னோருக்குக் கிட்டாத பேறு. அதை வைத்துக்கொண்டு நாம் குறி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த வீட்டில் மாலைச் செபத்தை மனைவி நிறுத்தவே இல்லை. செபமாலை முடிந்ததும் அன்றைய நற்செய்தியை வாசிப்பார். கணவர் திண்ணையில் முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார்; எழுந்து போனதில்லை. மாதங்கள் பல இப்படியே சென்றன. விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசித்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவாராம் அந்த அம்மையார். நம் மறையுரைகளைவிட அது பெரிய வேலையைச் செய்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு உயிர்ப்புத் திருவிழாவின்போது கோயிலில் கடைசி வரிசையில் அவரைக் கண்டோம்.

சங்கிலி இன்னும் மீளவில்லை என்று அண்மையில் சென்றபோது அறிந்தோம். வட்டி மட்டும் கட்டி வருகிறார்கள். இம்முறை வெங்காயத்தில் பாதியை எடுத்தவுடன் விற்றுவிட்டார்கள். மீதிப் பாதி, மேட்டுப்பாங்கான இடத்தில் கல் பரப்பி உயர்த்திக் கட்டிய புதிய பட்டறையில் இருந்தது. இருட்டிய பிறகு இளைய மகள் நூலை எடுத்து அன்றைய பகுதியை வாசித்தாள். நீண்ட பெயரொன்றில் நாக்கு இடறிற்று. திண்ணையில் இருந்தவர் திரும்பிப் பார்க்காமலே, எழுத்துக் கூட்டி மெதுவாய்ச் சொல் தாயே என்றார். அவள் மறுபடி தொடங்கினாள்.