பன்னிரண்டு எழுத்தில் ஒரு மொழி!

"ம" இல்லாமல், "ந" இல்லாமல் ஒரு நாள் பேசிப் பாருங்கள். அம்மாவைக்கூடக் கூப்பிட முடியாது!

ஆனால் இந்த ஓசைகள் இல்லாமலே பேசிச் சிரித்து, சண்டை போட்டுச் சமாதானம் ஆகிற மக்கள் இருக்கிறார்கள்.

பசிபிக் கடலில் பூகன்வில் என்று ஒரு தீவு. பப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்தது. அங்கே சுமார் 4 ஆயிரம் பேர் பேசும் மொழி, ரொட்டோகாஸ்.

இதில் உயிர் ஓசை ஐந்து: அ, எ, இ, ஒ, உ. இவற்றை நீட்டியும் சொல்வார்கள். மெய் ஓசை ஆறுதான்! இதை எழுத, ஆங்கில எழுத்தில் பன்னிரண்டை எடுத்துக்கொண்டார்கள். பதினோரு ஓசைக்குப் பன்னிரண்டு எழுத்து எதற்கு? "தி" என்று வரவேண்டிய இடத்தில் "ஸி" என்று ஒலிக்கும். அதற்காக ஓர் எழுத்து கூடுதல்!

"ஐயோ பாவம், குறைப்பட்ட மொழி" என்று சிலர் நினைக்கலாம். அது தவறு.

பர்ச்சோ தம்பதியர் இந்த மொழியை ஆராய்ந்து 1969இல் எழுதினார்கள். அதில் ஒரு வேடிக்கை. ரொட்டோகாஸ் மக்களுக்கு "ம", "ந" சொல்ல வராமல் இல்லை. வெளியூர்க்காரர் தங்கள் மொழியை எப்படித் தப்பும் தவறுமாகப் பேசுகிறார் என்று நடித்துக் காட்டும்போது, அந்த ஓசைகள் அவர்கள் வாயில் வருகின்றன!

அதாவது, நாம் "இல்லையே" என்று இரங்கும் ஓசை, அவர்களுக்குக் கேலிப்பொருள். யார் யாருக்காகப் பரிதாபப்படுவது?

அதே மொழியின் அய்ட்டா என்ற கிளையில் "ம", "ந" இரண்டும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓசை குறைந்தால் பேச்சு குறையாது. சொல் நீளும், அவ்வளவுதான். ரொட்டோகாஸில் வினைச்சொல்லின் வாலில் யார், எப்போது என்பதெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். "வந்தேன்" என்றாலே வந்தது யார், எப்போது என்று நமக்குத் தெரிகிறதே, அதுபோல.

பன்னிரண்டு எழுத்து என்றால் குழந்தைக்கு எவ்வளவு சுலபம்! நம் வீட்டுப் பிள்ளை 247 எழுத்தோடு மல்லாடுவதை எண்ணிப் பாருங்கள்.

1980இல் இதே பூகன்வில் தீவில், ஊர்மொழியிலேயே எழுத்துச் சொல்லித்தரும் கிராமப் பள்ளிகள் தொடங்கின. பிறகு நாடு முழுவதுமே அந்த வழிக்கு வந்தது. 800க்கு மேல் மொழிகள் உள்ள நாட்டில் அது லேசான காரியமா? ஆனால் 2013இல் அரசு மனம் மாறி, முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்றது.

எனக்கு இது சரியாகப் படவில்லை. பிள்ளைக்கு ஆங்கிலமும் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பேசும் மொழிக்குப் பன்னிரண்டே எழுத்து. அதைக் கற்றுத் தந்துவிட்டு அடுத்ததற்குப் போனால் என்ன? எத்தனை நாள் பிடித்துவிடப் போகிறது?