வீடு மாத்தினா விலாசம் சொல்லிட்டுப் போங்க சாமி!

எங்க ஊர்த் தமிழ்ச் சங்கத் தளத்துக்குப் புது டொமைன் வாங்கினாங்க. பழசைப் புதுப்பிக்க வேணாம்னு கமிட்டியில முடிவு. வருஷத்துக்கு ஆயிரம் சொச்சம் மிச்சமாம்! இப்போ பழைய முகவரியைத் தட்டினா சூதாட்டத் தளம் திறக்குது. பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு தேடுற அம்மாவுக்கு இதுதான் நம்ம வரவேற்பு.

கேட்டா, "டொமைன் மாத்தினா கூகுள்ல பின்னாடி போறது சகஜம்"ங்கறாங்க. சகஜமாவது, மண்ணாங்கட்டியாவது! போஸ்ட் ஆபீஸ்ல புது விலாசம் எழுதிக் கொடுக்காம காலி பண்ணிட்டு, கடுதாசி வரலேன்னு அழலாமா?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்ல. பழைய பக்கம் ஒவ்வொண்ணையும் அதே விஷயம் உள்ள புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் பண்ணணும். 302 தற்காலிகம், இதுக்கு ஆகாது. எல்லாத்தையும் முகப்புக்கே திருப்பி விட்டா, 'பக்கம் இல்லை'ன்னு கூகுள் எடுத்துக்கலாம். அப்புறம் சர்ச் கன்சோல்ல முகவரி மாற்றம் கொடுக்கணும். ரீடைரக்ட் குறைஞ்சது 1 வருஷமாவது இருக்கட்டும்னு கூகுளே சொல்லுது. நடுவுல கொஞ்ச நாள் தரவரிசை ஆடும், பதறக் கூடாது.

இத்தனைக்கும் பழைய டொமைன் நம்ம கையில இருக்கணும். அதைத்தானே தூக்கிப் போட்டீங்க?

பொங்கல் விழா மேடைக்கும் பொன்னாடைக்கும் அள்ளி விடறோம். ஊருக்குப் புதுசா வந்த குடும்பம் நம்மைக் கண்டுபிடிக்கிற வாசலுக்கு ஆயிரம் ரூபா பாரமா? அடுத்த பொதுக்குழுவுல இதைத்தான் கேட்கப் போறேன். நீங்களும் உங்க ஊர்ல கேளுங்க.